மகளுக்கு: அந்த வளைந்த இரும்பைப் பற்றி

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தில், சர்ரேயில் நீங்கள் அகழாய்வுக்காகத் தோண்டுகிற இடத்தில் கிடைத்த இரும்பின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட இருக்கிற பையன்கள் லாடம் என்கிறார்களாம். லாடத்துக்கு உள்விளிம்பு நெடுக ஒரு பள்ளம் எதற்கு? அதில் ஒரு பலகையின் ஓரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மர ஸ்பேடின், அதாவது காலால் மிதித்து மண்ணில் இறக்குகிற நேரான கருவியின், வாயில் மாட்டிய இரும்பு அது என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

தாத்தா இருந்திருந்தால் கையில் வாங்கிய உடனே சொல்லியிருப்பார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது போலத்தான் இதுவும்: தரையில் படுகிற இடத்துக்கு மட்டும் இரும்பு, மற்றதெல்லாம் மரம். அந்தக் காலத்தில் இரும்பு விலை அதிகம். தேய்ந்தால் கொல்லரிடம் போய் வாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரோமானியர்கள் பிரிட்டனில் இருந்தபோதே இப்படிச் செய்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதற்கப்புறமும் பல நூற்றாண்டுகள் பெரிய மாற்றமில்லை. அதனால் வளைவை மட்டும் பார்த்துக் காலம் சொல்லிவிடாதே. எந்த மண்ணடுக்கில், எதனுடன் கிடந்தது என்பதுதான் பேசும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் அப்பன் சொல்லத்தான் செய்வேன்.

நான் எழுத உட்கார்ந்தது படங்களைப் பற்றி. மண் உனக்கு இரும்பைக் கொடுத்துவிட்டு மரத்தைத் தின்றுவிட்டது. முழுக் கருவி வேண்டுமென்றால் ஓவியங்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஓவியத்தைப் போட்டோ மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். இந்த ஒரு வரியால்தான் ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இயேசுவின் கையில் தோட்டக் கருவியைக் கொடுத்தார்கள். 1511இல் வெளியான ட்யூரரின் மரச்செதுக்குப் படத்தில் தோளில் ஸ்பேடு. 1638இல் ரெம்பிராண்ட் வரைந்ததில் அகலமான வைக்கோல் தொப்பி, கையில் ஸ்பேடு, இடுப்பில் கத்தி. அசல் தோட்டக்காரன்தான், மரியாள் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் 1514 வாக்கில் டிஷியன் வரைந்ததில் இருப்பது நம் மண்வெட்டி வகை, நீளமான காம்பு. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, நுழைய காசு வேண்டாம், ஒரு சனிக்கிழமை போய் வா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, டிஷியன் முதலில் இயேசுவுக்குத் தோட்டக்காரர் தொப்பி போட்டிருந்தது தெரிந்ததாம். தொப்பியை எடுத்துவிட்டார், கருவியை விட்டுவைத்தார்.

இதை வைத்து இத்தாலியில் வெட்டி இழுக்கிற கருவி, வடக்கே மிதித்து இறக்குகிற கருவி என்று கோடு கிழித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதே. 1581இல் இத்தாலியின் போலோக்னாக்காரி லவீனியா ஃபொன்டானா இதே காட்சியை வரைந்தபோது ஸ்பேடைத்தான் கொடுத்தாள். கலப்பைக்கு இரும்பு முனை, ஸ்பேடுக்குப் பொன் முனை என்று வட இத்தாலியில் ஒரு பழமொழியே உண்டு. ஓவியர் தன் ஊரில் கண்டதை வரைந்தாரா, வேறொருவர் படத்தில் கண்டதை வரைந்தாரா என்பதை ஒவ்வொரு படத்திலும் தனியாகக் கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஓவியர் புரூகல். வியன்னாவில் இருக்கிற ‘வசந்தம்’ என்ற அவருடைய 1565ஆம் வருஷத்துக் கோட்டோவியத்தைத் தேடிப் பார். ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டுகிறார்கள். யாருக்கும் முகம் முக்கியமில்லை, முதுகுதான் படம் முழுக்க. நம் ஊரில் குனிந்து வெட்டித் தன் பக்கம் இழுக்கிறோம்; அவர்கள் காலை வைத்து உடம்புப் பாரத்தைக் கீழே இறக்குகிறார்கள். அந்தப் பாரம் முழுவதும் வந்து சேர்கிற இடம்தான் உன் மேஜையில் கிடக்கிற துண்டு.

அவர் இறந்த மறு வருஷம், 1570இல், அது அச்சுப் படமாக வந்தது. இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டால் இடம் வலமாகும். ஓவியத்தை அப்படியே தகட்டில் பார்த்துச் செதுக்கினால், வலது காலால் மிதிப்பவன் அச்சில் இடது காலால் மிதிப்பான். மரச்செதுக்கிலும் இதே கதைதான். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே திருப்பி வரைவதும் உண்டு. உன் இரும்பில் ஒரு மூலை அதிகமாகத் தேய்ந்திருக்கிறதே, அதற்கு ஆதாரமாக ஒரு அச்சுப் படத்தைக் காட்டி, பாருங்கள், எல்லோரும் இந்தக் காலால்தான் மிதித்தார்கள் என்று கட்டுரையில் எழுதிவிடாதே. யாராவது ஒரு கிழவன் பிடித்துவிடுவான்.

கருவியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் தொழில் நூல்கள் மேல். அக்ரிகோலாவின் சுரங்க நூல், அவர் இறந்த அடுத்த வருஷம் 1556இல் பாசலில் அச்சானது. ஆப்பு, சம்மட்டி, மண்வாரி எல்லாவற்றுக்கும் எழுத்துக் குறியிட்டு விளக்கியிருக்கும். அது சுரங்கம், உனக்கு அவ்வளவு உதவாது. 1652இல் வால்டர் பிளித் என்ற ஆங்கிலேயர் வயலில் வாய்க்கால் வெட்டவும் புல்தரையைச் சீவவும் வேண்டிய ஸ்பேடுகளைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரே ஸ்பேடு எல்லா வேலைக்கும் உதவாது என்பது அதைப் பார்த்தாலே புரியும். அப்புறம் ஜான் ஈவ்லின். நீ இருக்கிற அதே சர்ரேயில், வோட்டனில் பிறந்தவர். தோட்டக்கலை பற்றி எழுதிய ஒரு நூலில் தோட்டக் கருவிகளையெல்லாம் வரைந்து எண் போட்டு வைத்திருந்தார். 1706இல் சாகும்வரை அந்த நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. உன் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முதலில் இந்த இரண்டு பேரையும் எடு, ரெம்பிராண்ட் அப்புறம்.

சர்ரே என்றதும் இன்னொன்று. 1649 ஏப்ரலில் அங்கே செயின்ட் ஜார்ஜ் ஹில் என்ற குன்றில் வின்ஸ்டன்லி என்பவரும் கூட்டாளிகளும் பொது நிலத்தைக் கொத்தி கேரட், பார்ஸ்னிப், பீன்ஸ் போட்டார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்பது அவர்கள் வாதம். அடுத்த வருஷத்துக்குள் விரட்டிவிட்டார்கள். உன் இரும்பு அவர்களுடையது என்று சொல்ல வரவில்லை, ஆசைப்பட்டு அப்படி எழுதியும் வைக்காதே.

ஒரு வேலை மட்டும் அவசரம். அந்தப் பள்ளத்திலிருக்கும் துருவை யாரும் சுரண்டி எடுக்க விடாதே. இரும்பு துருப்பிடிக்கும்போது ஒட்டியிருந்த மரத்தின் இழைகளில் துரு ஏறி, மரம் போனாலும் அதன் அச்சு நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் என்ன மரம் என்றுகூடச் சொல்ல முடியுமாம். ஆணி இருந்த இடம் எக்ஸ்ரேயில் தெரியும். எத்தனை ஆணி, எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எழுது. படத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். மேலேயிருந்து வெளிச்சம் விட்டு எடுத்திருக்கிறாய், எல்லாம் தட்டையாகக் கிடக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, ஒரு அளவுகோலையும் கூடவே போட்டு எடுத்து அனுப்பு.

அம்மா பருப்புப் பொடி கட்டி வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா