பீஜிக்குக் கொஞ்சம் சுக்குக் கருப்பட்டி

முக்கூடல்
ஐப்பசி 3

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். இரண்டு நாளாக மழை பிடித்திருக்கிறது, ஆற்றில் தண்ணீர் கலங்கிப் போகிறது.

போன வாரம் போனில், நீ குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரரான சீக்கிய அம்மாவைப் பற்றி, நீ பீஜி என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொன்னாய் அல்லவா? அக்டோபர் கடைசி வந்தால் பீஜி மூன்று நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, டாக்சி ஓட்டப் போன அவர்கள் அண்ணன் 1984-ல் திரும்பி வரவேயில்லை என்றாய். "இந்திரா காந்தி செத்த சமயமாம். உனக்கு ஞாபகம் இருக்காம்மா?" என்றும் கேட்டாய். ஞாபகம் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாமல்தான் மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீடித்தட்டை மடியில் வைத்தவள். அன்று அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போனவர்கள் ஊர் திரும்பும் நேரம். திண்ணையில் ஐந்தாறு பேர் பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். இலை வாங்கப் பீடிக்கடைக்குப் போன ஒருத்தி பாதி வழியிலேயே ஓடி வந்து, "இந்திராம்மாவைச் சுட்டுட்டாங்களாம்" என்றாள். ரேடியோவைப் போட்டால் வீணை. சாயங்காலம் வரைக்கும் உயிர் போய்விட்டது என்று சொல்லவே இல்லை.

உன் ஆச்சி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் அந்த அம்மாவை வைத்தே சண்டை நடக்கும். தாத்தா காமராசர் ஆள். 1966-ல் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்ததே காமராசர்தான், 1969-ல் கட்சியை உடைத்து அவரையே ஓரங்கட்டினாள் என்பார். 1975-ல் நெருக்கடி நிலை கொண்டுவந்து எதிர்க்கட்சித் தலைவர்களையெல்லாம் ஜெயிலில் போட்டதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. தாத்தா சொன்னதில் நியாயம் உண்டு என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆச்சிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. பொம்பளை ஒருத்தி டில்லியில் உட்கார்ந்து நாட்டை ஆளுகிறாள், அது போதும் அவளுக்கு. பசுவும் கன்றும் சின்னம் போய்க் கை சின்னம் வந்தபோதும் மாறாமல் போட்டவள்.

அன்று ராத்திரி தெருப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி, தாத்தா பேப்பர் வாசிக்கையில் காதில் விழுந்ததையெல்லாம் வைத்து அந்த அம்மாவின் கதையையே பாடினாள். ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தது, அப்பா நேரு வருடக்கணக்கில் ஜெயிலில் கிடந்தது, அம்மா கமலா காசநோயில் சீமையில் செத்தது, 1960-ல் புருஷன் போனது, 1980-ல் இளைய மகன் சஞ்சய் விமானம் விழுந்து போனது. தெருவே அழுதது. தாத்தா அன்று சாப்பிடவில்லை.

சுட்டது அவர்களுடைய காவலுக்கு நின்ற இரண்டு பேர், இரண்டு பேரும் சீக்கியர்கள் என்று அப்புறம் தெரிந்தது. அந்த ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்ததற்குப் பழி. சீக்கியக் காவலர்களை மாற்றிவிடலாம் என்று அதிகாரிகள் சொன்னதற்கு இந்திராம்மா சம்மதிக்கவில்லை. காலையில் டிவி பேட்டி கொடுக்க வீட்டிலிருந்து தோட்டத்து வழியாக அலுவலகத்துக்கு நடந்தபோது சுட்டுவிட்டார்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் போனில் வராதது. மறுநாள் திண்ணையில் ஒருத்தி, "அந்தத் தலைப்பாக்கட்டுக்காரனுங்களைச் சும்மா விடக் கூடாது" என்றாள். நானும் "ஆமா" என்றேன். முத்து, அதுவரை நான் ஒரு சீக்கியரோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ரோட்டில் லாரி ஓட்டிப் போகிறவர்களைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. நவம்பர் 3-ஆம் தேதி டில்லியில் உடலைத் தகனம் செய்கிறவரை மூன்று நாளும் அழுதோம். நம் ஊரிலும் படத்துக்கு மாலை போட்டு மௌன ஊர்வலம் போனார்கள். நானும் போனேன்.

அதே மூன்று நாள்தான் பீஜிக்கும். நீ சொன்ன பிறகு லைப்ரரியில் இருந்து புத்தகம் எடுத்து வரச் சொல்லி வாசித்தேன். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு கும்பல் கும்பலாகச் சீக்கியர் வீடுகளைத் தேடிப் போயிருக்கிறார்கள். கழுத்தில் டயரை மாட்டித் தீ வைத்திருக்கிறார்கள். டில்லியில் மட்டும் செத்தது 2,733 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. சுட்டது இரண்டு பேர், ஐயா. "பெரிய மரம் விழுந்தால் பூமி அதிரத்தான் செய்யும்" என்று ராஜீவ் காந்தி அந்த மாதமே கூட்டத்தில் பேசினார். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, அந்தத் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. நம் விளையில் பனையை வெட்டிச் சாய்க்கும்போது, கீழே நிற்கிறவனைப் பார்த்து விலகு விலகு என்றுதான் எல்லாரும் கத்துவோம்.

2005-ல் பிரதமராக இருந்த மன்மோகன் சிங் அந்தக் கொலைகளுக்காகப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அப்போது காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த சஜ்ஜன் குமாருக்கு அந்தக் கலவர வழக்கில் ஆயுள் தண்டனை வந்தது 2018-ல். முப்பத்துநாலு வருஷம்! எத்தனை சாட்சிகள் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

இந்திராம்மாவுக்காக அழுததை நான் தப்பென்று சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் படம் உள்ளறையில்தான் மாட்டியிருக்கிறது, எடுக்கவும் மாட்டேன். அந்த "ஆமா"தான் தொண்டையில் நிற்கிறது.

நீ ஒன்று செய். இந்த அக்டோபர் 31-க்கு லீவு போடு. பீஜி கதவைச் சாத்திக்கொண்டால் தட்டாதே, ஆனால் வீட்டில் இரு. அவர்கள் அண்ணன் பெயரைச் சொன்னால் கேட்டுக்கொள். போட்டோ காட்டினால் நன்றாகப் பார். உன் அம்மா இப்படி ஒரு வார்த்தை சொன்னாள் என்று எப்போதாவது சொல்லத் தோன்றினால் சொல்லு, நான் தடுக்க மாட்டேன். எனக்கு இந்தி வராது, இல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

பார்சல் தனியாக வருகிறது. அல்வா வைக்கவில்லை, அந்த நாளைக்கு அது வேண்டாம். ராத்திரியில் இருமுகிறார்கள் என்றாயே, அதற்காகச் சுக்குக் கருப்பட்டி இரண்டு கிலோ வைத்திருக்கிறேன். ஒரு துண்டைத் தட்டி வெந்நீரில் கரைத்து, மண் அடியில் தங்கும், வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். குடித்தார்களா, பிடித்ததா என்று எழுது.

உன் அம்மா