பிறந்த தேதியை மாற்றிவிடும் கம்ப்யூட்டர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் மாணவர் பட்டியல், அடையாள அட்டை, சுற்றறிக்கை என்று பள்ளிகளிலிருந்து பென் டிரைவோடு வருபவர்கள்தான் அதிகம். "எங்க ஆபீஸ்ல நல்லாத்தான் இருந்துச்சு அக்கா, இங்க வந்து மாறிப்போச்சு" என்பார்கள். வைரஸ் என்று சிலருக்குச் சந்தேகம், பென் டிரைவ் கோளாறு என்று சிலருக்கு. பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒரே அலுவலகத்து கம்ப்யூட்டர்களே ஆளுக்கொரு செட்டிங்கில் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

விண்டோஸ் ஏற்றும்போது ஆரம்பத்திலேயே தேதியும் நாணயமும் எந்த நாட்டு முறையில் வேண்டும் என்று கேட்கும். அங்கே பல நேரம் அமெரிக்க ஆங்கிலம்தான் முன்கூட்டியே நிற்கும். ஏற்ற வந்தவர் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாதம் முதலில், நாள் அப்புறம்.

அதில் எக்செலைத் திறந்து ஒரு பிள்ளையின் பிறந்த தேதியை 05/08/2015 என்று அடித்தால், நமக்கு அது ஆகஸ்ட் 5. கம்ப்யூட்டர் மே 8 என்று எடுத்துக்கொள்ளும். திரையில் 5/8/2015 என்றே தெரிவதால் அடித்தவருக்குச் சந்தேகமே வராது. அதே கோப்பை இந்திய செட்டிங் உள்ள என் கம்ப்யூட்டரில் திறந்தால் 08-05-2015 என்று நிற்கும். இன்னொரு பிள்ளைக்கு 25/08/2015 என்று அடித்திருந்தால், 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எங்கே திறந்தாலும் அடித்தபடியே தெரியும். ஆக, ஒரே வகுப்புப் பட்டியலில் சிலருக்குச் சரி, சிலருக்குத் தப்பு. ஜூலை 7 (07/07) போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை! பிறகு யாராவது ரீஜனை, அதாவது அந்த நாட்டு முறை செட்டிங்கை, இந்தியா என்று மாற்றினாலும், ஏற்கெனவே உள்ளே போன தேதி திருந்தாது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வேர்டில் வரும் தொல்லை இந்த அளவுக்கு ஆபத்தில்லை, எரிச்சல்தான். அமெரிக்க செட்டிங்கில் புதுப் பக்கம் 'லெட்டர்' அளவில் திறக்கும். 216-க்கு 279 மில்லிமீட்டர். நம்மிடம் இருப்பது ஏ4 தாள், 210-க்கு 297. சில பிரிண்டர்கள் லெட்டர் தாள் கேட்டு விளக்கை மினுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். எழுத்துருவும் அப்படித்தான். பழைய கோப்புகள் பல 'லதா'வில் இருக்கின்றன. விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்கவேண்டும். சேர்க்காத இடத்தில் 'நிர்மலா' வந்து உட்காரும், வரிகள் இடம் மாறும், ஒரு பக்கக் கடிதத்தின் கையெழுத்து மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போகும்.

"போன வாரமே மாத்தி வெச்சேனே" என்று சொல்பவர்களும் உண்டு. எழுத்துருவை 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுக்கும்போது, இந்தக் கோப்புக்கு மட்டுமா, எல்லாக் கோப்புக்குமா என்று வேர்ட் கேட்கும். அவசரத்தில் முதலாவதையே தட்டிவிடுகிறோம். இரண்டாவதைத் தட்டினாலும் அது 'நார்மல்' என்கிற டெம்ப்ளேட்டில், அதாவது புதுக் கோப்புகளுக்கான மாதிரியில்தான் பதிவாகிறது. அந்த டெம்ப்ளேட் விண்டோஸில் நுழையும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி. தலைமை ஆசிரியர் பெயரில் நுழைந்து மாற்றியது எழுத்தர் பெயரில் நுழைந்தால் இருக்காது.

ஏற்ற வருபவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. இப்படி வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லையே. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ்க் குறியேற்றத் தரமாக, அதாவது கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளைப் பதியும் முறையாக அறிவித்தது. எழுத்துக்கு அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்தபோது, இதற்கும் பள்ளிக்கல்வித் துறை ஒரு பக்கத்தில் சுற்றறிக்கை அனுப்பலாம். ரீஜன் 'இங்கிலீஷ் இந்தியா', தாள் ஏ4, எல்லோருக்கும் ஒரே யூனிகோடு எழுத்துரு. இவற்றைப் பார்த்த பிறகுதான் புதுக் கம்ப்யூட்டரின் பில்லில் கையெழுத்துப் போடவேண்டும். இதற்குத் தனிச் செலவு கிடையாது. ரீஜனை மாற்றினால் 1,250,000 என்று வருவதும் 12,50,000 என்று நம் முறைக்கு வந்துவிடும், கணக்கு எழுதுபவர்களுக்கு அது தனி லாபம்.

ஏற்கெனவே அடித்து வைத்த பட்டியல்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. எக்செலில் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நாமாக இடம் மாற்றி வைக்காதபோது, பிறந்த தேதி வரிசையில் ஒன்றிரண்டு இடப்பக்கம் நின்றால், அந்தப் பட்டியல் முழுவதையும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே மேலே அனுப்பவேண்டும்.

இப்படிக்கு,
டிடிபி கடை நடத்தும் வாசகி,
கோவில்பட்டி.