மூர்மான்ஸ்க்கில் வந்திறங்கிய 600 லாரிகள்: ஒரு நன்றி மடல்

நேச நாடுகள் அணியின் நண்பர்களுக்கும், சீன ஐக்கிய முன்னணி நண்பர்களுக்கும், என் சொந்த அணியினருக்கும் வணக்கம்.

நேற்றிரவு ஆட்டத்தை நிறுத்தியபோது இரண்டாம் உலகப் போரை நாடு நாடாகப் பிரித்துக்கொண்டு நாம் ஆடும் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 கணினி விளையாட்டின் நாட்காட்டி 1943 பிப்ரவரியைக் காட்டியது. வோல்காக் கரை நிலைத்துவிட்டது, பாக்கு நகரத்து எண்ணெய் வயல்கள் பிழைத்துவிட்டன. ரோஸ்தோவ் கைவிட்டுப் போன இரவிலிருந்து என்ன நடந்தது என்பதை நீங்கள் எல்லோரும் உங்கள் திரைகளில் பார்த்தவர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நிதானம் வரும்போது நன்றி கொஞ்சம் சுருங்கிவிடும் என்ற அச்சத்தில், விடிவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஆட்டத்தில் சோவியத் ஒன்றியம் என் பொறுப்பில் இருந்தது. சோவியத் தலைமையிலான கொமின்டர்ன் அணியில் என்னோடு இருந்தவர்கள் இருவர்தான், அவர்களுடைய நாடுகளும் சிறியவை. நேச நாடுகள் அணியும் நாமும் ஒரே எதிரியோடு போரிட்டோம் என்றாலும், ஆட்ட விதிப்படி நாம் கடைசிவரை இரண்டு தனித்தனி அணிகள். ஒரு அணி தன் உறுப்பினர்களைப் போருக்கு அழைக்கலாம். அடுத்த அணிக்காரரை அப்படி அழைக்க முடியாது. அவர் நிலத்தின் வழியே படையை நடத்த வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும், அவர் துறைமுகத்தில் கப்பலை நிறுத்த வேண்டுமானால் அதற்கும் கேட்க வேண்டும். போர் முடிந்து அமைதி மாநாடு கூடும்போதோ இரண்டு அணிகளும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடும். ஆகவே எதிரணிக்குப் போய்ச் சேராவிட்டாலும் நம் அணிக்குள் இல்லாத ஒருவருக்கு அனுப்பும் ஒவ்வொரு துப்பாக்கியும், நாளைக்கு நம் எதிரில் உட்காரப்போகும் ஒருவரின் கையை வலுவாக்குகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே நீங்கள் கொடுத்தீர்கள். அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும், சொல்வேன். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி கனடாவை ஆடிய அண்ணனுக்கே உரியது. அவர் இதை விரும்பமாட்டார் என்பது தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் இருவருக்கும் இடையே இந்த ஆட்டத்திலேயே ஒரு கசப்பு இருந்தது. 1939 நவம்பர் 30-ஆம் நாள், வரலாற்றில் நடந்த அதே நாளில், நான் பின்லாந்தின்மீது போர் தொடுத்தேன். அப்போது பின்லாந்துக்கு லெண்ட்-லீஸ் வழியாக, அதாவது மற்றொரு நாட்டுக்குப் போர்த் தளவாடம் கொடுத்துதவும் ஏற்பாட்டின் வழியாக, துப்பாக்கிகளையும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளையும் அனுப்பியவர் இதே கனடா அண்ணன்தான். கரேலியாவில் என் டிவிஷன்கள் கரைந்துபோனதற்கு அவை ஒரு காரணம். அன்று குரல்வழி உரையாடலில் நான் அவரிடம் கடுமையாகப் பேசினேன், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் ஏறக்குறைய இரண்டரை ஆட்ட ஆண்டுகள் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே 1942 ஆகஸ்டில், போர்முனை முழுவதும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது, உதவி கேட்டு நான் எழுதிய செய்தியில் பிரிட்டனையும் அமெரிக்காவையும்தான் அழைத்தேன். கனடாவின் பெயரை நான் சேர்க்கவே இல்லை.

நான் கேட்டது டாங்கி. அந்த நேரத்தில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டன் வாலன்டைன் டாங்கிகளை அனுப்ப ஒப்புக்கொண்டது, அமெரிக்கா ஷெர்மன் டாங்கிகள் தருவதாகச் சொன்னது. அந்தப் பேச்சின் நடுவில், அழைக்கப்படாமலே உள்ளே வந்த கனடா அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, டாங்கி இருக்கட்டும். உம்மட சப்ளை மேப்பை ஒருக்காத் திறந்து பாரும். வோல்காப் பக்கம் என்ன நிறத்தில கிடக்கு?”

திறந்து பார்த்தேன். மூன்று வாரங்களாக நான் படைகளின் அம்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தவன். எந்த டிவிஷன் பின்வாங்குகிறது, எந்த டிவிஷனை எங்கே நகர்த்துவது என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சப்ளை வரைபடத்தில் டான் ஆற்றுக்கும் வோல்காவுக்கும் இடையே ஆரோக்கியமான நிறம் ஒரு திட்டுகூட இல்லை. “நல்லா இல்லைண்ணா” என்று மட்டும் சொன்னேன்.

“பிறகு அந்த டாங்கியளை எதைக் கொண்டு ஓட்டப் போறீர்? நான் லொறி அனுப்புறன்.”

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்வது நல்லது. 2021 நவம்பரில் வெளியான ‘நோ ஸ்டெப் பேக்’ விரிவாக்கத்துக்குப் பிறகு, படைக்கு வேண்டியவை தலைநகரிலிருந்து ரயில் பாதை வழியாகச் சப்ளை மையங்களுக்கு வருகின்றன, அந்த மையங்களிலிருந்து சுற்றியுள்ள டிவிஷன்களுக்குப் பரவுகின்றன. ரயில் பாதைக்கு ஐந்து நிலைகள் உண்டு. தலைநகருக்கும் மையத்துக்கும் நடுவே ஒரேயொரு துண்டு முதல் நிலையில் இருந்தாலும் போதும், மற்றதெல்லாம் ஐந்தாம் நிலையில் இருந்தும் பயனில்லை. அந்த ஒரு துண்டு விடுவதுதான் மையத்துக்கு வந்து சேரும். மையத்திலிருந்து சப்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதோ அதற்கு லாரிகளை ஒதுக்கியிருக்கிறோமா என்பதைப் பொறுத்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் நான் உரால் மலைக்கு அப்பால் தொழிற்சாலைகளைக் கட்டினேனே தவிர, தெற்கு ரயில் பாதைகளை மேம்படுத்தவில்லை. லாரி உற்பத்திக்கு ஒதுக்கிய ஆலைகளையும் 1941 இலையுதிர்காலத்தில் டாங்கிக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பிழையின் விலையை ஸ்டாலின்கிராடுக்குத் தெற்கே இருந்த வீரர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டிவிஷன் ஒவ்வொன்றும் முழுப் பலத்தோடு போய், சண்டை தொடங்கும் முன்பே பாதியாகத் தேய்ந்துகொண்டிருந்தது. புதிதாக டாங்கிகள் வந்திருந்தால் அவையும் அதே இடத்தில் எரிபொருள் இல்லாமல் நின்றிருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு மோட்டார் பட்டாலியனுக்கு, அதாவது லாரியில் செல்லும் காலாட்படைப் பிரிவுக்கு, 50 லாரிகள் வேண்டும். கனடா அண்ணன் சொன்ன 600 லாரிகள் என்பது பன்னிரண்டு பட்டாலியன்களுக்கு உரியவை. இத்தாலியில் தரையிறக்க அவர் ஓராண்டாகச் சேர்த்துவைத்த மோட்டார் டிவிஷனை அதற்காக அவர் தள்ளிவைத்தார். ஆட்டத்தில் கனடா பெரிய தொழில் நாடு அல்ல; ஒவ்வோர் ஆலையையும் எண்ணி எண்ணி ஆட வேண்டிய நாடு. அமெரிக்காவின் ஆயிரம் லாரிகளைவிட அந்த அறுநூறு கனமானவை என்று நான் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல.

அதோடு அவர் நிறுத்தவில்லை. இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது, ஸ்கார்பரோவில் அவருக்கு மதிய உணவு நேரம். உணவைத் தள்ளிவைத்துவிட்டு, ஆட்டத்தின் வேகத்தை இரண்டுக்குக் குறைக்கும்படி, ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்டிடம் அவரே கேட்டார். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்னோடு இருந்து, எந்த மையத்துக்கு முதலில் லாரி ஒதுக்குவது, எந்தத் துண்டுப் பாதையை முதலில் உயர்த்துவது, எந்த டிவிஷன்களைப் பின்னுக்கு இழுத்தால் மற்றவற்றுக்குச் சாப்பாடு மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினெட்டு டிவிஷன்களை முனையிலிருந்து விலக்கச் சொன்னபோது நான் மறுத்தேன். அவர் வாதாடவில்லை; “இரண்டு கிழமை பார்ப்பம்” என்றார். இரண்டு வாரத்தில் எஞ்சியிருந்த டிவிஷன்கள் நிமிர்ந்து நின்றன. முனையில் ஆள் குறைந்து பலம் கூடியதை நான் இந்த ஆட்டத்தில் கண்ணால் கண்டது அதுவே முதல் முறை.

இன்னொரு செய்தி எனக்கு நேற்றுதான் தெரியவந்தது. அவர் அனுப்பிய லாரிகளில் முதல் தவணை நார்வேக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடம் சிக்கி, 170 லாரிகள் கடலுக்குள் போய்விட்டன. அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. தன் ஆலைகளிலிருந்து அந்த 170-ஐயும் மறுபடி எடுத்து அனுப்பியிருக்கிறார். என் கிடங்கில் எண்ணிக்கை சரியாக 600 என்று இருந்ததால் நானும் எதையும் சந்தேகிக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு பிரிட்டனை ஆடிய நண்பர் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அறிந்தேன். பின்லாந்துக்குத் துப்பாக்கி அனுப்பியதற்காக அவர்மீது நான் சுமத்திய வார்த்தைகளை அந்த நொடியில் நினைத்துக்கொண்டேன். அண்ணா, அவற்றை எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று நீங்கள் ஒரு சிறிய நாட்டின் பக்கம் நின்றீர்கள், நான் அதைப் பகை என்று எடுத்துக்கொண்டேன்.

டாங்கியைவிட லாரி பெரிய உதவியாக இருந்தது ஆட்டத்தின் தற்செயல் அல்ல. உண்மையான போரிலும் சோவியத் செஞ்சேனையை 1943-க்குப் பிறகு மேற்கு நோக்கி நகர்த்தியதில், லெண்ட்-லீஸில் வந்த 4 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும், ஏறத்தாழ 2,000 ரயில் எஞ்சின்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கனடா அந்தப் போரின்போது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்தது. அவற்றில் ஒரு பகுதி உருவான ஓஷாவா நகரம், அண்ணன் குடியிருக்கும் ஸ்கார்பரோவுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. ஆர்க்டிக் கடல் வழியாகச் சென்ற முதல் கப்பல் தொடர் 1941 ஆகஸ்ட் 31 அன்று ஆர்க்கேஞ்சல்ஸ்கை அடைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பிக்யூ-17 தொடரின் 35 சரக்குக் கப்பல்களில் 24 மூழ்கடிக்கப்பட்டன. அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் உயிரைக் கொடுத்தார்கள், நாம் செய்தது விளையாட்டு. இரண்டையும் ஒரு தட்டில் வைக்கமாட்டேன். ஆனாலும் ஒருவரையொருவர் நம்பாத இரண்டு அணிகளுக்கு நடுவே, பனிக்கடலைத் தாண்டிச் சரக்கு ஏன் போயிற்று என்பது இத்தனை ஆண்டு வாசிப்பில் புரியாத அளவுக்கு எனக்கு இந்த வாரம் புரிந்தது.

மற்றவர்களுக்கும் என் கடன் பெரியது. தன் நாசகாரிக் கப்பல்களை மத்தியதரைக் கடலிலிருந்து எடுத்து ஆர்க்டிக் கடலில் காவலுக்கு நிறுத்தி, ஈரான் வழியையும் திறக்க உடன்பட்ட பிரிட்டன் நண்பருக்கும், கேட்டதைவிட அதிக எரிபொருள் அனுப்பிய அமெரிக்க நண்பருக்கும், நான் கேட்காமலே ரப்பர் தந்தவருக்கும் நன்றி. ஜப்பானைத் தன் நிலத்திலேயே கட்டிப்போட்டு, தூரக்கிழக்கிலிருந்து என் டிவிஷன்களை மேற்கே கொண்டுவர வழிசெய்த சீன ஐக்கிய முன்னணியினருக்கும், ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கச் சொன்னபோதும் முகம் சுளிக்காத ஹோஸ்டுக்கும், தோற்றுக்கொண்டிருந்த அணியை விட்டு விலகாத என் இரு கூட்டாளிகளுக்கும் நன்றி. எதிரணியில் ஜெர்மனியை ஆடிய நண்பரையும் இங்கே சேர்க்கிறேன். அவர் அவ்வளவு நன்றாக ஆடியிருக்காவிட்டால் இந்த மடலுக்கே இடமில்லை.

இனி நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறுக்க முடியாதபடி. இன்று முதல் நேச நாடுகள் அணியில் உள்ள எல்லோருக்கும் சோவியத் நிலத்தின் வழியே படை நடத்தவும் துறைமுகங்களைப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அமைதி மாநாட்டில் பின்லாந்தின்மீது நான் எந்த உரிமையும் கோரமாட்டேன். இத்தாலியில் கனடா தரையிறங்கும்போது, எதிரியின் டிவிஷன்களைக் கிழக்கே பிடித்துவைக்க, அந்த மாதம் முழுவதும் நான் தாக்குதலை நிறுத்தமாட்டேன். இதற்கு என் அணியினர் இருவரும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள்.

கனடா அண்ணா, உங்கள் லாரிகளில் 212 இன்னும் என் கிடங்கில் இருக்கின்றன. நேற்று எண்ணிப் பார்த்தேன். உங்கள் மோட்டார் டிவிஷனுக்கு அவை தேவைப்பட்டால், சனிக்கிழமை இரவு ஆட்டம் தொடங்கியதும் என் மூர்மான்ஸ்க் துறைமுகத்திலிருந்து அனுப்பிவைக்கிறேன். இம்முறை காவல் கப்பல்கள் என்னுடையவை.

அன்புடன்,
சோவியத் ஒன்றியத்தை ஆடும் உங்கள் தம்பி