தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்கிறது

கல்லூரிச் செயலர் அருட்சகோதரி, முதல்வர் அருட்சகோதரி, ஆட்சிக்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் கல்லூரியில் மூன்று வருடம் பி.எஸ்சி. உளவியல் படித்தவள் நான். விடுதியிலும் இருந்தேன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆலோசனை அறையில் ஒரு மாணவி சொல்வது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் செமஸ்டரில் ஆய்வகத்தில் நாங்கள் செய்த முதல் சோதனை கண்ணாடி வரைவு. நட்சத்திரப் படத்தை நேராகப் பார்க்க முடியாதபடி தடுப்பு வைத்துவிடுவார்கள். எதிரே கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே இழுக்கும். பக்கத்துக் கட்டில் தோழியை உட்காரவைத்து, எத்தனை விநாடி ஆனது, எத்தனை முறை கோட்டைத் தாண்டினாள் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நோட்டு திரும்பி வந்தபோது தோழியின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. "முதலெழுத்து போதும்மா. நோட்டைப் புரட்டுற யாருக்கும் அது யாருன்னு தெரியக் கூடாது" என்றார் மேடம். நட்சத்திரம் வரைய வராததில் என்ன ரகசியம் என்று விடுதியில் அன்று முழுக்கச் சிரித்தோம்.

இரண்டாம் வருடம் எனக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தீர்கள். 'மாணவ ஆலோசகர்'. இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், குழுப்படம். அந்தப் பேட்ஜை நம்பி ஒரு ஜூனியர் என்னிடம் வந்தாள். வேறு துறை. "வயித்தப் பிசையுதுக்கா, ராத்திரி தூக்கமே வரல" என்றாள். எங்கள் பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் சொன்னதைப் பதற்றம் என்பதா, மனச்சோர்வு என்பதா, அல்லது எல்லாவற்றுக்கும் போட்டுக்கொள்கிற 'மன அழுத்தம்' என்பதா என்று தெரியவில்லை. தெரியாது என்பதாவது தெரிந்திருந்ததால் அவளைக் கையைப் பிடித்து ஆலோசனை அறைக்கு அழைத்துப்போனேன். நான்தான் அழைத்துப்போனேன். இந்த மடலை எழுத வைப்பது அதுதான்.

அந்த அறையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: ஊரில் ஒரு பையனோடு பழக்கம், அவன் வேறு சாதி, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். மூன்றாம் நாள் அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் கல்லூரி வாசலில் நின்றார்கள். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன் போயிருந்தது. மாலைக்குள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுடைய போன் எண் அன்றோடு நின்றது. இப்படியொரு செய்தி வீட்டுக்குப் போனால் நம் ஊர்ப்பக்கம் என்னென்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை என்று இன்றும் நம்புகிறேன். பெற்றோர் நம்பி விட்டுப்போன பிள்ளை, சொல்ல வேண்டியது கடமை என்று விடுதி சிஸ்டர் நினைத்திருப்பார். என் கேள்வி அவரைப் பற்றியதே இல்லை. ஆலோசனை அறையில் சொன்னது விடுதி அலுவலகத்துக்கு எப்படிப் போனது?

வழி சுலபம். ஆலோசனை அறை இருப்பது துணை முதல்வர் அலுவலகத்தை ஒட்டி. நடுவே ஒரு கதவு உண்டு, அதன் தாழ்ப்பாள் அலுவலகப் பக்கம் இருக்கிறது. ஆலோசகராக உட்கார்ந்திருப்பவர் எங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர், அவரே ஒழுங்குக் குழுவிலும் உறுப்பினர். ஒரே ஆள் மூன்று நாற்காலியில். ஆலோசனை உளவியல் தாளில் இதற்கு இரட்டை உறவு என்று பெயர் சொல்லி, கூடாது என்று எழுதினால் ஐந்து மார்க். அந்தத் தாளை எங்களுக்கு எடுத்ததே உங்கள் சபையின் சிஸ்டர் ஒருவர்தான். கார்ல் ரோஜர்ஸ் பாடத்தை அவரைப் போல நடத்த ஆளில்லை. போதகராகப் போக நினைத்து நியூயார்க்கில் இரண்டு வருடம் இறையியல் படித்த ரோஜர்ஸ், தெருவைக் கடந்து எதிரே இருந்த ஆசிரியர் கல்லூரிக்குப் போய் உளவியலாளர் ஆன கதையைச் சொல்லி, நிபந்தனையற்ற ஏற்பு என்றால் என்ன என்று அவர் விளக்கியபோது பின்பெஞ்சில்கூடச் சத்தமில்லை.

நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. முதல் வெள்ளித் திருப்பலி நேரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு விழுமியக் கல்வி வகுப்பு. அதற்கு வந்துகொண்டிருந்த வயதான சாமியார் ஒருவரிடம், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். சொல்லவே முடியாது, உயிர் போனாலும் முடியாது என்றார். பிறகு அவராகவே இன்னொன்றும் சொன்னார். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 985-ஆம் பிரிவு அது. குருக்களாகப் போகிறவர்கள் படிக்கும் குருமடத்தின் அதிபரோ, வேறு கல்வி நிறுவனத்தின் அதிபரோ தம்மோடு அதே இல்லத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாவ அறிக்கையைக் கேட்கக் கூடாது. மாணவரே விரும்பிக் கேட்டால் மட்டும், அந்தந்தச் சமயத்துக்கு, விலக்கு. நிர்வாகம் செய்கிறவர் காதில் மாணவரின் மனச்சாட்சி விழக் கூடாது என்பதுதான் காரணம்.

சிஸ்டர், நாங்கள் ஐந்து மார்க்குக்கு எழுதியது உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மேல்நாட்டு உளவியல் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று இதைத் தள்ள உங்களால் முடியாது.

நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவர்களின் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொன்னது. தகுதி என்பதற்கு என் பேட்ஜ் கணக்கில் வராது. என் பி.எஸ்சி. பட்டமே வராது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அதற்கு மேலும் படித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். இது சேர்க்கையின்போது கொடுத்த கையேட்டில் இல்லை, மூன்றாம் வருடம்தான் எங்களுக்கே தெரிந்தது. அது வேறு வழக்கு, இன்னொரு நாள் பேசலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை உடைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாரால் காப்பாற்ற முடியுமோ அவரிடம் மட்டும், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், முடிந்தவரை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உடைக்க வேண்டும். காதல் உயிராபத்து அல்ல. அவள் விஷயத்தில் ஆபத்து, போன் போன பிறகுதான் ஆரம்பித்தது.

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. பாடம் எடுக்காத, மார்க் போடாத, விடுதிக்குப் பதில் சொல்ல வேண்டியில்லாத ஒருவரை வாரத்துக்கு மூன்று நாளாவது நியமியுங்கள். எது வெளியே போகும், எது போகாது என்பதை முதல் நாளே தமிழில் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கட்டும். பேட்ஜ் கொடுப்பதை நிறுத்துங்கள். மனசு கேட்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு 'மாணவத் தோழி' என்று பெயர் வைத்து, பக்கத்தில் உட்காரவும் சரியான இடத்துக்குக் கூட்டிப்போகவும் மட்டும் பழக்குங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண்ணை விடுதிப் பலகையில் எழுதிப் போடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆலோசனை அறை பூட்டியிருக்கும்.

அறையைச் சிற்றாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய நூலகக் கட்டடத்துக்கு மாற்றலாம். அங்கே போகிற பெண்ணை, ஜெபிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுவும் முடியாதென்றால், இருக்கிற அறையிலேயே நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு கொத்தனார், ஒரு நாள் வேலை.

ஜனவரியில் முன்னாள் மாணவியர் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன். வந்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உளவியல் துறை முன்னாள் மாணவி