வெயிலில் விழுந்தவன் சோம்பேறியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கோடைக்கால உடற்பயிற்சிக் கட்டுரை, பருமனான பிள்ளைகள் மைதானத்தில் மயங்கி விழுவதற்குச் சோம்பலும் தீனியுமே காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டது. மைதானத்திலேயே தலை நரைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல. ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவன் 60 கிலோ, மற்றவன் 100 கிலோ என்றால், அதே வேகத்தில் ஓடும் கனத்தவன் உடலில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் வெப்பம் உண்டாகும். அதை வெளியேற்ற வேண்டிய தோலின் பரப்போ கால் பங்குதான் கூடுதல். அவன் மற்றவனைவிட அதிகம் உழைத்திருக்கிறான், ஐயா! எங்கள் கடலோரக் காற்றில் வியர்வை சொட்டுமே தவிர உலராது. உலராவிட்டால் உடல் குளிராது.

ஒரு போட்டியில், குண்டு எறிய வந்த மாணவனை, ஆள் குறைகிறது என்று 1500 மீட்டர் ஓட்டத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது சுற்றில் கால் பின்னியது. முழங்கையிலிருந்து வியர்வை ஒழுக, என்னைப் பார்த்து, "அம்மா, சாவி எங்கே?" என்று கேட்டான். புத்தி தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல. சட்டையைக் கழற்றி, தரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை ஆம்புலன்ஸ் வரும்வரை வாளி வாளியாக ஊற்றினோம். பிழைத்தான். உடன் வந்த பொறுப்பாளரோ அவன் தின்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதையேதான் இப்போது உங்கள் இதழில் அச்சில் பார்த்தேன்.

2001இல் பயிற்சியின்போது ஹீட் ஸ்ட்ரோக் தாக்கி இறந்த 'அமெரிக்கன் ஃபுட்பால்' (ரக்பி போன்ற ஆட்டம்) வீரர் கோரி ஸ்டிரிங்கருக்கு வயது 27, எடை 150 கிலோவுக்கு மேல். தொழில்முறை வீரரான அவரும் சோம்பேறியா?

விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்குவதைப் பற்றி உங்கள் இதழ் எழுதியதில்லை. வெயிலுக்கு உடல் பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். ஆண்டு முழுவதும் வகுப்பறையில் அடைத்துவைத்த பிள்ளைகளை விளையாட்டு விழாவன்று, சிறப்பு விருந்தினர் வரும்வரை உச்சி வெயிலில் நிறுத்துகிறார்கள். மறுநாள் விருந்தினரின் படம் மட்டும் வருகிறது. உடல் பருமன் என்றாலோ, ஏதோ ஒரு பிள்ளையின் முகத்தை வெட்டிவிட்டு வயிற்றைப் போடுகிறீர்கள். அது குறித்து முன்பு எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த ஒரு வரிக்கு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். கனத்த பிள்ளைகளுக்கு வெயிலில் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கடலூர்