கிளினிக் கொப்பியில் எழுதாத வரி

ஆசிரியருக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, சலரோகம் உள்ள குடும்பத்தில் பாரிசவாதமும் பரம்பரையாக வரும் என்று இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. இரண்டுக்குமான பரம்பரை பெரும்பாலும் வேறு.

இரண்டாம் வகைச் சலரோகத்தோடு அதிகம் பேசப்படும் மரபணு டிசிஎஃப்7எல்2. அதன் மாற்றம் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. பாரிசவாதத்தில் பெயர்கள் மாறும்: எச்டிஏசி9 பெரிய நாடிகளின் அடைப்போடும், பிஐடிஎக்ஸ்2 ஒழுங்கற்ற இதயத் துடிப்போடும் தொடர்புடையவை. 2018இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஆராய்ந்து பாரிசவாதத்தோடு தொடர்புடைய இப்படியான 32 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொன்றும் கூட்டும் ஆபத்து சிறிதளவே. உமிழ்நீரை அனுப்பிப் பெறும் மரபணு அறிக்கை, தினமும் போடும் குளிசையை மாற்றப் போதாது. அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு பிரசர் மெசின் வாங்கலாம்.

செலவில்லாத பரிசோதனை குடும்ப வரலாறுதான். ஆனால் கொப்பியில் "தகப்பனுக்கு வாதம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த வயதில், மூளையில் அடைப்பா இரத்தக்கசிவா, துடிப்புக் கோளாறு இருந்ததா என்பதும் வேண்டும். 82 வயதில் வந்தது வேறு, 58இல் வந்தது வேறு. பெற்றோருக்கு 65 வயதுக்கு முன் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 2010இல் காட்டியது. சலரோகம் தன் பங்குக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பா, மாமியிடம் வட்ஸ்அப்பில் கேட்டாவது அந்த வரியை நிரப்புங்கள்.

நிரப்பிய பிறகு முதலில் பார்க்கவேண்டியது பிரசர். சலரோகக்காரரிடம் பிரசரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது பாரிசவாதம் 44 வீதம் குறைந்ததை 1998இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. சீனியை மட்டும் இறுக்கிய ஆய்வுகளில் அப்படியொரு பலன் தெரியவில்லை. 65 தாண்டியவர்கள் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பிடித்துப் பார்க்கட்டும். அடி தவறித் தவறி வந்தால் ஈசிஜி கேளுங்கள்.

கிளினிக் நாளில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. "வெறும் வயிற்றோட வாங்கோ" என்றால், சீனிக் குளிசையோடு பிரசர்க் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். வரிசையில் நின்று அளக்கும்போது மேல் பிரசர் 170 காட்டும். மருந்தின் அளவு தேவையில்லாமல் கூடும். வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, பிரசர்க் குளிசையை வெறும் தண்ணீரோடு வழமையான நேரத்தில் போடலாம். சாப்பாடு வரும்வரை நிறுத்தி வைக்கவேண்டியது சீனிக் குளிசையும் சாப்பாட்டு நேர இன்சுலினும்தான்.

– மருத்துவர் ஒருவர்,
கோண்டாவில்