ராஜபார்ட் நடிகர் பேச நூலகத்தில் ஒரு மாலை நேரம் வேண்டி மனு

அனுப்புநர்
சுண்ணாம்புக்காரத் தெருப் பகுதி வாசகர்கள், மதுரை.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம், சிம்மக்கல், மதுரை.

பொருள்: மூத்த நாடக நடிகர் தன் வாழ்க்கை வரலாற்று நூல் பற்றிப் பேச இடம் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியில் வசிக்கும் 78 வயதுப் பெரியவர், ஸ்பெஷல் நாடகங்களில் நாற்பது வருடங்களுக்கு மேல் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம், போட்டவர். தன் அனுபவங்களை எழுதி, சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தார். பாதிக்கு மேல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அதை விற்றுத் தரச் சொல்லி இந்த மனு இல்லை. அவர் எழுதியதைவிடச் சொல்வதுதான் அதிகம். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூனும் ஆர்மோனியமும் வேறு ஊர். மேடையேறிய பிறகுதான் ஒருவரையொருவர் சரியாகப் பார்ப்பார்கள். அப்புறம் விடிய விடிய நாடகம். வள்ளி திருமணம் நாடகத்தில் பாட்டாலேயே வாதம் செய்யும் தர்க்கத்தில் எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், அதற்கு எப்படி மடக்குவது? புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம். நேரில் கேட்டால் ஒரு மணி நேரம் பாடிக் காட்டுகிறார்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை மதுரையில்தான் தொடங்கினார். அதில் ஆறு வயதில் சேர்ந்த அவ்வை தி.க.சண்முகம் பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’யை எழுதினார். அந்தப் பையன்கள் பட்ட பாடும் கற்ற பாட்டும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். ஸ்பெஷல் நாடகக்காரர்களில் அப்படி எழுதி வைத்தவர்கள் குறைவு. எழுதிய ஒருவர் நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆகவே, தங்களுக்குத் தோதான ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் இடம் தர வேண்டுகிறோம். கீழ்த்தளமாக இருந்தால் நல்லது, அவருக்கு முழங்கால் வலி. மைக் ஒன்று போதும். ஆர்மோனியம் எங்கள் பொறுப்பு. நூலகத்தில் பாட்டா என்று தயக்கம் இருக்கலாம். படிப்பவர்கள் கிளம்பிய பிறகு என்றாலும் சரி. மாசி முதல் சித்திரை வரை மட்டும் வேண்டாம், ஆர்மோனியக்காரர் திருவிழா நாடகங்களுக்குப் போய்விடுவார்.

பேச்சை ஒலிப்பதிவு செய்து நூலகத்திலேயே வைக்கவும், அவர் இலவசமாகத் தரும் மூன்று பிரதிகளை ஏற்கவும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறவர்கள் என்ற உரிமையில்தான் இவ்வளவும் கேட்கிறோம்.

காலை நேரம் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், ஐயா. நாற்பது வருடப் பழக்கம், அவர் இன்னமும் பகலில்தான் தூங்குகிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாசகர்கள்